போய்வந்து சொன்னவர்களுக்கு

இமயமலைப் பக்கம் பயணம் கிளம்புகிறவர்களுக்கு வழி சொல்லிவந்த எங்கள் டெல்லி பயண வட்டத்தை வரும் ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆர்.கே. புரத்தில் மலை மந்திருக்குப் பக்கத்துப் பூங்காவில் மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் கூடுவோமே, அந்த வட்டம்தான். செய்தி பரவியதிலிருந்து போன் மேல் போன். "இத்தனை வருஷம் நடந்ததை ஏன் மூடணும், சின்னவங்க யார்கிட்டயாவது ஒப்படைச்சிடலாமே" என்று கேட்கிறார்கள். மூடுவதுதான் சரி என்பவர்களில் நானும் ஒருத்தி. காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த வட்டம் என்ன செய்தது என்று எழுதியாக வேண்டும். பெயர்ப்பலகை கிடையாது, சந்தா கிடையாது, தலைவர் செயலாளர் கிடையாது. நாங்களே எழுதி வைக்காவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

டெல்லியில் வேலை பார்க்கும் தமிழர் வீடு என்றால் அது பாதி சத்திரம். காலையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும். சித்தப்பா, சித்தி, அவர்களோடு அவர்கள் தெருக்காரர்கள் நாலு பேர், காலி புளியோதரைத் தூக்கோடு இறங்குவார்கள். குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "பத்ரிக்கு எப்படிப் போகணும்?" வீட்டுக்காரருக்கு ஆக்ராவைத் தாண்டித் தெரியாது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமாவுக்குத்தான் தெரியும் என்று எல்லோரும் அவர் வீட்டுக்குப் படையெடுத்தார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளாமல், "ஞாயித்துக்கிழமை பூங்காவுக்கு வாங்கோ, மொத்தமா சொல்றேன்" என்றார். ஆரம்பம் அவ்வளவுதான். ரயில்வே மாமா என்பதே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. கேட்டுக்கொண்டு போகிறவர், திரும்பியதும் அடுத்த கூட்டத்துக்கு வந்து சொல்ல வேண்டும். சாலை எங்கே சரிந்திருந்தது, எந்த தர்மசாலையில் வெந்நீர் கொடுத்தார்கள், எங்கே காசு கூடக் கேட்டார்கள், வயதானவர்களுக்குச் சாப்பிட என்ன கிடைத்தது. ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் கோடு போட்ட நோட்டில் தேதியோடு எழுதுவார். போனவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து திரும்பிவிட்டவர் என்றால் அவருக்கு டெல்லியில் இடம் கொடுத்த வீட்டுக்காரர் வந்து சொல்வார். அடுத்து கிளம்புகிறவர் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுத்தான் கிளம்புவார். இன்னாருடைய பேச்சை நம்பித்தான் போனோம் என்பது போனவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். அடுத்த மாதம் அதே புல்தரையில் இருவரும் முகம் பார்த்தாக வேண்டும்.

என் அம்மாவுக்குக் கேதாரம், அதாவது கேதார்நாத், பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். கும்பகோணத்திலிருந்து அவள் வந்து சேர்ந்தபோது ஒரு டூர்க்காரர் கொடுத்த திட்டத்தாள் கையில் இருந்தது. முதல் நாள் ஹரித்வாரிலிருந்து குப்தகாசி. மறுநாள் விடியற்காலை கேதார் மலைப்பாதை தொடங்கும் கௌரிகுண்ட். அன்றே குதிரையில் கேதார். மாமா அதை ஒருமுறை படித்துவிட்டு மடித்துக் கீழே வைத்தார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அம்மாவைத்தான் கேட்டார். "மாமி, மாடி ஏறினா மூச்சு வாங்கறதா? ராத்திரி நன்னா தூங்கறேளா? என்னென்ன மாத்திரை?" எல்லாம் கேட்டுக்கொண்டு நோட்டில் இரண்டு எண்களை எழுதிக் காட்டினார். குப்தகாசி சுமார் 1,300 மீட்டர். கேதார் 3,500 மீட்டருக்கும் மேல். "ஒரே நாள்ல ரெண்டாயிரம் மீட்டருக்கு மேல ஏத்தறான். காத்து மெலிஞ்சு போயிடும் மாமி. உடம்பு பழகறதுக்கு நாள் கொடுக்கணும்."

வழக்கம் என்னவோ கேதார் முதலில், பத்ரி பிறகு என்பதுதான். மாமா அதை மாற்றிப் போட்டார். பத்ரி போகும் வழியில் சுமார் 1,900 மீட்டரில் இருக்கும் ஜோஷிமட்டில் இரண்டு ராத்திரி தங்கல். அப்புறம் 3,100 மீட்டர் உயரத்துப் பத்ரி, அங்கே கோயில் வாசல் வரை வண்டி போகிறது போலத்தான், ஏற்றம் குறைவு. அங்கே உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கேதார் பேச்சு. மூவாயிரம் மீட்டரைத் தாண்டிவிட்டால் நேற்றுப் படுத்த இடத்தைவிட இன்று படுக்கும் இடம் ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பதை எல்லோருக்கும் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம் வந்தால் மேலே ஓர் அடி வைக்கக் கூடாது, இறங்க வேண்டும், இறங்குவதுதான் மருந்து.

"ஏற முடியாமப் போயிட்டா?" என்று அம்மா கேட்டாள். குரல் தழுதழுத்தது. "அப்பர் பெருமான் கயிலாயத்துக்குக் கிளம்பினார். கால் தேஞ்சு, கையால தவழ்ந்து, மார்பால ஊர்ந்து போனார். கடைசில அவருக்குக் காட்சி கிடைச்சது எங்க? உங்க ஊர்ப் பக்கம், திருவையாத்துல" என்றார் மாமா. அம்மாவுக்குத் தெரியாத கதையா என்ன! ஆனாலும் டெல்லியில் ஒரு பூங்காவில், கிளம்புவதற்கு முன்னால், அதை ஒருவர் தனக்காக எடுத்துச் சொன்னார் என்பதை அவள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேவப்பிரயாகையில் கட்டாயம் இறங்க வேண்டும் என்பதும் மாமா சொன்னதுதான். பெரும்பாலான வண்டிகள் மேலே சாலையிலேயே போய்விடும். பாகீரதியும் அலகநந்தாவும் ஒன்றையொன்று சேருமிடத்தில் இரண்டு தண்ணீரும் நிறம் வேறாகத் தெரியும். அங்கிருந்துதான் அதற்குக் கங்கை என்று பெயர். பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் அதுதான். படிக்கட்டுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் பாடிய ஊர் இது என்று என் பிள்ளைகளுக்கு அவள்தான் சொன்னாள்.

பத்ரி தரிசனம் நன்றாக நடந்தது. அன்று ராத்திரி லேசாகத் தலைவலி, சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையே கீழே இறங்கிவிட்டோம். கேதாருக்குப் போகவில்லை. அதற்குப் பதில் ஊகிமட்டில் ஓங்காரேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். பனிக்காலத்தில் கேதார்நாத் நடை சாத்தியதும் உற்சவர் அங்கேதான் வந்து தங்குவார், பூஜை அங்கேதான் நடக்கும். அம்மா அடுத்த கூட்டத்துக்கு வந்து இதையெல்லாம் தானே சொன்னாள். அன்றிலிருந்து மேலே ஏற முடியாதவர்களுக்கென்று நோட்டில் ஊகிமட் பக்கம் ஒன்று தனியாக ஏற்பட்டது. எத்தனையோ பெரியவர்கள் அதைப் பார்த்துப் போய்வந்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர், பஸ்ஸில் பகல் முழுக்கப் போகும். இருட்டிய பிறகு மலைப்பாதையில் பயணிகள் வண்டி விட மாட்டார்கள் என்பதால் விடியுமுன் கிளம்ப வேண்டும். வழியில் பெண்கள் எங்கே ஒதுங்குவது? இதைக் கேட்கக் கூச்சப்பட்டே எத்தனை பேர் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்து வந்து, மேலே போய்ப் படுத்திருக்கிறார்கள் தெரியுமா? உயரத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது போல் கெடுதல் இல்லை. மருத்துவமனையில் நர்ஸாக இருந்த ஓர் அக்கா, தீன்தாரா, ஸ்ரீநகர் (காஷ்மீர் ஸ்ரீநகர் இல்லை, இந்த வழியில் இருக்கும் ஊர்), ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, சமோலி என்று நிறுத்தம் நிறுத்தமாக இறங்கிப் பார்த்து எழுதினார். "தாபாவுக்குப் பின்பக்கம். தாழ்ப்பாள் உண்டு. தண்ணீர் இல்லை, பாட்டிலோடு போகவும்." "பெட்ரோல் பங்க். சாவி ஆபீஸில் கேட்டு வாங்கணும். சுத்தம்." இப்படி ஒன்றரைப் பக்கம். ஒவ்வொரு சீசனிலும் போய்வந்த பெண்கள் அதில் அடித்துத் திருத்துவார்கள். எங்கள் வட்டம் செய்ததிலேயே பெரிய காரியம் எது என்று கேட்டால் நான் இந்த ஒன்றரைப் பக்கத்தைத்தான் சொல்வேன்.

2013 ஜூன் 16, 17 தேதிகளை நாங்கள் யாரும் மறக்க மாட்டோம். கேதாரில் வெள்ளம் வந்த நாட்கள். கிளம்புகிறவர் எந்தத் தேதியில் எந்த ஊரில் இருப்பார் என்று ஒரு சீட்டு எழுதி யாராவது ஒருவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அந்த வாரம் அந்தச் சீட்டுகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு இரவு பகலாக உட்கார்ந்திருந்தோம். ஊரிலிருந்து அழுதுகொண்டு பேசியவர்களுக்கு, "உங்கப்பா கேதார் பக்கம் போகவே இல்லை, பத்ரியில் இருக்கணும், அது வேற பள்ளத்தாக்கு, ரோடு போயிருக்கு, அதனாலதான் வர முடியலை" என்று சொல்ல முடிந்தது. வெறும் ஆறுதல் வார்த்தையாகச் சொல்லவில்லை. தேதி பார்த்துச் சொன்னோம். கேதார் பாதையில் ராம்பாரா என்ற ஊரே அடித்துக்கொண்டு போய்விட்டது. அங்கே எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்று எழுதிய பக்கம் நோட்டில் இன்னும் இருக்கிறது.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். கேள்வி இன்றைக்கும் வருகிறது, முன்பைவிட அதிகமாகவே வருகிறது. போய்வந்து சொல்கிறவர்கள்தான் இல்லை. கூட்டம் நடக்கும் ஞாயிறு நாலைந்து பேர் வருவோம், அதே நாலைந்து பேர். போன் குழுவில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "நாளைக்கு கிளம்பறோம், ரூட் சொல்லுங்க" என்று வரும். பதில் போகும். பத்து நாள் கழித்து மலை முன்னால் நின்ற படம் வரும். ரோடு எப்படி இருந்தது என்று கேட்டால் ஒரு கைகூப்பும் படம். அதோடு சரி.

மலை அப்படியே இருந்தால் இது பாதகமில்லை, பழைய நோட்டை வைத்துக்கொண்டே காலம் தள்ளலாம். அது மாறிக்கொண்டே இருக்கிறது. 2020-ல் இமாச்சலத்தில் அடல் சுரங்கப்பாதை திறந்ததும், அதற்கு மேலே இருக்கும் ரோதாங் கணவாய் பற்றி நாங்கள் எழுதிய பாதி தேவையில்லாமல் போயிற்று. 2021 பிப்ரவரியில் ஜோஷிமட் பக்கத்துத் தபோவனத்தில் வெள்ளம். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டிலேயே வீடுகள் விரிசல் விட்டன, ஜனங்களை வெளியேற்றினார்கள். அம்மாவை இரண்டு ராத்திரி தங்க வைத்த ஊர்! சாலையை அகலப்படுத்திய இடத்தில் புதிதாகச் சரிவு. இந்த நிலைமையில் மூன்று வருஷத்துக்கு முந்தைய குறிப்பை நம்பி ஒருவரை அனுப்புவது பாவம். திருத்த ஆள் வராத நோட்டு இல்லாமல் இருப்பதே மேல்.

ஒப்படைக்கச் சொல்பவர்களுக்கு ஒன்று. எடுத்து நடத்துகிறோம் என்று வந்தவர்கள் வராமல் இல்லை. பயண ஏற்பாடு செய்யும் ஒருவர் வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். குழுவும் நோட்டும் அவரிடம் இருக்கும், உறுப்பினர்களுக்குச் சலுகை விலை உண்டு என்றார். மாமா கேட்டார், "தலைவலிங்கறவாளை மேல போகாதேன்னு சொல்வேளா? அட்வான்ஸைத் திருப்பித் தருவேளா?" அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அவரைக் குற்றம் சொல்லவில்லை, அவர் பிழைப்பு அது. ஆனால் எங்கள் வார்த்தையை ஜனங்கள் நம்பியதற்குக் காரணமே எங்களிடம் விற்க ஒன்றும் இல்லை என்பதுதான். அதைக் கொண்டுபோய் விற்பவர் கையில் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

இளைஞர்கள் மேல் எனக்குக் குறையும் இல்லை. கேதார்காந்தா, ஸ்பிதி என்று போகும் பிள்ளைகள் எங்களைவிட நன்றாக நடக்கிறார்கள். வழியில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எங்கள் பெயர் தேவையில்லை. தங்களுக்குள் ஒரு வட்டம் அமைத்துக்கொள்ளட்டும். போய்வந்து சொல்கிற வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நோட்டு முழுவதையும் படமெடுத்துப் போடச் சொல்லி நிறையப் பேர் கேட்டார்கள். போட மாட்டோம். 2009-ல் எழுதிய பக்கத்தை இன்றைய செய்தி என்று நினைத்து ஒருவர் கிளம்பிவிடக் கூடும். மாறாத விஷயங்களை மட்டும் தட்டச்சு செய்து தருகிறோம். உயரமும் தங்கலும் பற்றிய பக்கம். கண்டக்டரிடம் பேசுவதற்குத் தமிழ் எழுத்தில் எழுதிய இந்தி வாக்கியங்கள். நடை திறக்கும் நாளை எப்போது அறிவிப்பார்கள் என்ற விவரம்: கேதாருக்குச் சிவராத்திரியன்று ஊகிமட்டில், பத்ரிக்கு வசந்த பஞ்சமியன்று நரேந்திரநகர் அரண்மனையில். நர்ஸ் அக்காவின் ஒன்றரைப் பக்கத்தை மட்டும் கடைசியாகத் திருத்திய தேதியைப் பெரிதாகப் போட்டுத் தருவோம்.

மாமா அடுத்த மாதம் மகளோடு கோயம்புத்தூர் போகிறார். கண் பார்வை குறைந்துவிட்டது, ஆனால் சொன்னால் எல்லாம் நினைவில் வைத்துக்கொள்கிறார். ஞாயிறு சாயங்காலம் நாலரை மணிக்கு வழக்கமான இடத்தில் இருப்போம். போன சீசனில் போய்விட்டு இன்னும் வந்து சொல்லாதவர்கள் தயவுசெய்து வாருங்கள். கௌரிகுண்டில் குதிரைச் சீட்டு இப்போது எங்கே வாங்குவது, மண் சரியும் சிரோபகட்டில் வண்டியை எவ்வளவு நேரம் நிறுத்தினார்கள், ஜோஷிமட்டில் எந்தத் தெருவில் தங்கினீர்கள், தாபாவில் தாழ்ப்பாள் இருந்ததா, எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும்.