வடக்கே செப்டம்பர், தெற்கே டிசம்பர்: ரிலீஸ் தேதிகளைப் பற்றி ஒரு புலம்பல்

மென்பொருளை ஸ்டேபிள் (நம்பி ஓட்டுவதற்கு), டெவலப்மெண்ட் (புதுசைச் சோதிப்பதற்கு) என்று இரண்டு வரிசையாகப் பிரித்து வெளியிடுவதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. சண்டை தேதியோடுதான். ஒரே ஒரு கணினியில் ஓடும் மென்பொருள் என்றால் இன்றைக்குப் புதுசைப் போட்டுப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் நாளைக்குப் பழசுக்குத் திரும்பிவிடலாம். நூறு, இருநூறு கணினிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருளில் அந்தச் சௌகரியம் கிடையாது. எந்த நாளில் பார்த்தாலும் பாதியில் பழைய வெர்ஷன் இருக்கும், மீதியில் புதியது இருக்கும், இரண்டும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். ரிலீஸ் திட்டம் போடுகிறவர்கள் இதை எவ்வளவு யோசிக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் ஒரு திட்டத்தை மதிப்பேன். புது வசதிகளின் பட்டியல் எனக்கு அப்புறம்தான்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கல்வி நிறுவனத்தின் கிளஸ்டரை, அதாவது சேர்ந்து வேலை செய்யும் கணினிக் கூட்டத்தை, பார்த்துக்கொள்வது என் வேலை. இங்கே கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. நடுவில் கிளஸ்டரை நிறுத்துகிறேன் என்று வாயைத் திறந்தாலே ஆய்வு மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, ஒரு வேலை வாரக்கணக்கில் ஓடும். ஆக எங்களுக்குக் கிடைப்பது டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி வரையிலான கோடை விடுமுறை மட்டும். ஊரே கடற்கரையில் இருக்கும்போது நாங்கள் சில பேர் குளிரூட்டிய அறைக்குள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

சரி, அதே டிசம்பரில் வடக்கே என்ன நடக்கிறது? மென்பொருளை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை. நாங்கள் அப்கிரேட் செய்து ஏதாவது உடைந்து கேள்வி கேட்கும் நேரத்தில் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்காது. அதோடு, ஆண்டின் பெரிய ரிலீஸ் பெரும்பாலும் அவர்களுடைய இலையுதிர் காலத்தில்தான் வருகிறது. இப்படிப் பல கணினிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் எச்டிகாண்டோரை எடுத்துக்கொள்ளுங்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் 1988-இல் காண்டோர் என்ற பெயரில் ஓடத் தொடங்கிய மென்பொருள், 2012-இல் பெயர் மாறியது. அதன் 10.0 வந்தது 2022 நவம்பரில். அடுத்து 11 வரும் என்று பார்த்தால் ஆண்டை வைத்து 23.0 என்று எண் போட்டு 2023 செப்டம்பரில் விட்டார்கள். டிசம்பரில் நாங்கள் கை வைக்கும்போது அந்த ரிலீஸுக்கு வயது சில வாரமோ இரண்டு மூன்று மாதமோதான். யாரும் இன்னும் அடித்துத் துவைத்துப் பார்க்காத ரிலீஸ் அது. அதை விட்டுவிட்டால் எங்களுடைய அடுத்த வாய்ப்பு ஒரு முழு வருஷம் கழித்து.

இதற்காக எல்லோரும் தெற்குக்குத் தோதாகத் தேதியை மாற்றுங்கள் என்று கேட்க நான் பைத்தியக்காரன் இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. பழைய ஸ்டேபிளுக்கும் புதிய ஸ்டேபிளுக்கும் சேர்ந்து ஆதரவு தரும் காலம் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்க வேண்டும். பன்னிரண்டு மாதமும் கொஞ்சம் கூடுதலும். அப்படி இருந்தால் உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் தனக்கு வசதியான மாதத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒன்பது மாதம் என்றால் யாரோ ஒருவர் கட்டாயம் மாட்டிக்கொள்வார், அது பெரும்பாலும் நாங்களாகத்தான் இருக்கும்.

பல கணினிகளில் மென்பொருளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸைச் செய்கிறவர்கள் இதை அனுபவப்பட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். முதலில் ஒரு ரிலீஸுக்கு ஆதரவு சுமார் ஒன்பது மாதம்தான். அந்தக் கெடுவுக்குள் அப்கிரேட் செய்ய முடியாமல் பலர் தவிக்கிறார்கள் என்று 2019-இல் பயனர்களிடம் கேட்டபோது தெரியவந்தது. 1.19-இலிருந்து ஒரு வருஷம், அதன்மேல் மாறிக்கொள்ள இரண்டு மாதம் என்று நீட்டினார்கள். 2021-இல் வருஷத்துக்கு நான்கு ரிலீஸ் என்பது மூன்றாகக் குறைந்தது. அப்புறம் 2023-இல் 1.28 வந்தபோது இன்னொரு நல்ல காரியம் செய்தார்கள்: நோடில், அதாவது வேலை செய்யும் ஒவ்வொரு கணினியிலும், ஓடும் குபெலெட் என்ற நிரல், மையத்தில் இருக்கும் ஏபிஐ சர்வரைவிட மூன்று வெர்ஷன் வரை பின்தங்கி இருக்கலாம். முன்பு இரண்டுதான். வருஷத்துக்கு மூன்று ரிலீஸ், மூன்று வெர்ஷன் இடைவெளி, கணக்கைப் போட்டுப் பாருங்கள்: மையத்தை ஒவ்வொரு படியாக ஏற்றினாலும் நோடுகளை வருஷத்துக்கு ஒரு தடவை தொட்டால் போதும். இதைத்தான் நான் திட்டமிடுதல் என்பேன். எண்ணிக்கை, ஆதரவுக் காலம், வெர்ஷன் இடைவெளி மூன்றையும் சேர்த்து வைத்து யோசித்திருக்கிறார்கள்.

நம் ஊர்க் கோயிலில் திருப்பணி நடக்கும்போது பாலாலயம் வைப்பார்கள் இல்லையா, மூலஸ்தானத்தில் வேலை நடந்தாலும் பூஜை நிற்காது. கிளஸ்டர் அப்கிரேடும் அப்படி நடக்க வேண்டும். அதற்குப் பழசும் புதுசும் கொஞ்ச காலம் பக்கத்துப் பக்கத்தில் ஓட அனுமதி வேண்டும், அந்த அனுமதியை ரிலீஸ் போடுகிறவர்தான் தர முடியும்.

இதில் தென்னாப்பிரிக்காவுக்கே உரிய ஒரு தலைவலியும் உண்டு. எச்டிகாண்டோர் பிறந்ததே சும்மா கிடக்கும் மேசைக் கணினிகளைப் பிடித்து வேலை வாங்கத்தான். நாங்களும் மாணவர் ஆய்வகக் கணினிகளை இரவில் அப்படிப் பயன்படுத்தினோம். 2022, 2023-இல் லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஒரு கட்டடத்தில் மின்சாரம் போகும், இன்னொன்றில் வரும். அப்கிரேட் ஓடும் இரவில் அணைந்து கிடந்த கணினிகள் மறுநாள் எழுந்து, பழைய வெர்ஷனோடு நேரே வேலைக்கு வந்து நிற்கும். எல்லாக் கணினியும் ஒரே வெர்ஷனில் இருக்கும் என்று எதிர்பார்த்து எழுதிய மென்பொருள் இங்கே ஒரு வாரம் தாங்காது. ஸ்டேபிள் வரிசைக்குள் இருக்கும் வெர்ஷன்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று எச்டிகாண்டோர் கொடுக்கும் வாக்குதான் எங்களைக் காப்பாற்றியது. தாராளமாகச் சொல்வேன், அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

ஆனால் அவர்கள் மேலும் ஒரு குறை உண்டு. முன்பு இரண்டாவது எண் இரட்டைப்படை என்றால் ஸ்டேபிள், ஒற்றைப்படை என்றால் டெவலப்மெண்ட்: 8.8 ஸ்டேபிள், 8.9 டெவலப்மெண்ட். 2021 ஏப்ரலில் 9.0 வந்தபோது அந்த முறையை விட்டுவிட்டு, நீண்டகால ஆதரவு ஒரு வழி, புது வசதிகள் இன்னொரு வழி என்று மாற்றினார்கள். பெயர் தெளிவானது, நல்லது. அதே 9.0-இல் பாதுகாப்பு அமைப்பையும் மாற்றினார்கள். கணினியின் முகவரியைப் பார்த்தே உள்ளே விடும் பழைய வழக்கம் இயல்புநிலையாக இல்லை, இனிமேல் அடையாளம் காட்ட வேண்டும். மாற்றம் சரியானதுதான், எப்போதோ செய்திருக்க வேண்டியது. ஆனால் 8.8-இலேயே உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஸ்டேபிளிலிருந்து ஸ்டேபிளுக்குத் தாவும்போது இத்தனை மாற்றமும் மொத்தமாகத் தலையில் இறங்கியது. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழகியிருந்தவர்கள் 8.9-ஐ ஓட்டியவர்கள் மட்டும்தான்.

இங்கேதான் என்னோடு வேலை பார்க்கும், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதித் தம்பி ஒருவனின் கேள்வி வருகிறது. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்து நடுவில் "அண்ணா" மட்டும் தமிழில் போடுவான். "டெவலப்மெண்ட் ரிலீஸில் பக் இருக்கும் என்று அவங்களே சொல்றாங்க, அண்ணா, அதை நாம ஏன் போடணும்?"

ஏன் என்றால், யாரும் போடாவிட்டால் அடுத்த ஸ்டேபிள் பெயரளவில்தான் ஸ்டேபிள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இது நடந்தது. 2.4 வந்தது 2001 ஜனவரியில், 2.6 வந்தது 2003 டிசம்பரில். இடையில் ஏறத்தாழ மூன்று வருஷம், அதில் சுமார் இரண்டு வருஷம் புது வேலையெல்லாம் டெவலப்மெண்ட் வரிசையான 2.5-இல் கிடந்தது. அவ்வளவு நாள் யார் காத்திருப்பார்கள்? விநியோகம் செய்த நிறுவனங்கள் 2.5-இலிருந்து தங்களுக்கு வேண்டியதை எடுத்துத் தங்கள் 2.4-இல் ஒட்டவைத்தன. கடைசியில் எல்லோரிடமும் 2.4 இருந்தது, எல்லாம் வேறு வேறு 2.4. 2004-க்குப் பிறகு கெர்னல்காரர்கள் ஒற்றை இரட்டை முறைக்கே முழுக்குப் போட்டுவிட்டார்கள்.

பெரிய தரவுகளைப் பல கணினிகளில் பிரித்து வைத்துக் கையாளும் ஹடூப்பின் கதை இன்னும் மோசம். 0.20 என்ற வெர்ஷனைப் பிடித்துக்கொண்டு உலகமே ஓடியது. 2010-இல் வந்த 0.21-ஐ வெளியிட்டவர்களே இது நம்பி ஓட்டத்தக்கது அல்ல என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் எச்பேஸ் மாதிரியான தரவுத்தளம் எழுதிய தரவை இழக்காமல் இருக்க வேண்டுமென்றால், கோப்பில் எழுதியதை அப்போதே நிலைப்படுத்தும் வசதி வேண்டும், அது சாதாரண 0.20-இல் ஒழுங்காக இல்லை. ஆக அதற்கென்று 0.20-இலிருந்து ஒரு தனிக் கிளை, யாஹூவின் பாதுகாப்பு வேலைகளுக்கு இன்னொரு கிளை, விற்பனை நிறுவனங்களின் கிளைகள் வேறு. 2011 டிசம்பரில் 1.0 என்று வந்தது என்ன தெரியுமா? அதே 0.20 பரம்பரையின் கிளைதான். 0.21 அப்படியே கிடந்து போயிற்று. ஸ்டேபிள் மெதுவாக நகர்ந்து, டெவலப்மெண்டை யாரும் நம்பாமல் போனால் பயனர்களே நடுவில் மூன்றாவது ஒன்றை உண்டாக்கிக்கொள்வார்கள், அதை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் தம்பியிடம் நான் சொன்னது: மொத்தமாகப் போட வேண்டாம், சில நோடுகளில் மட்டும் போடுவோம். எச்டிகாண்டோரில் ஒவ்வொரு கணினியும் தன் வெர்ஷனைத் தானே அறிவிக்கும், எங்கே ஓட வேண்டும் என்று வேலையிலேயே நிபந்தனை எழுதலாம். சோதனைக்குச் சம்மதித்த மாணவர்களின் சின்ன வேலைகள் புது நோடுக்குப் போகும், முனைவர் பட்டத்தின் கடைசி அத்தியாயத்தில் இருக்கும் பெண்ணின் வேலை பழைய நோடிலேயே நிம்மதியாக ஓடும். மார்ச்சிலிருந்து நவம்பர் வரை இப்படி ஓட்டினால் டிசம்பரில் அதிர்ச்சி குறைவு. என்ன உடைகிறது என்று மே மாதமே மேடிசனுக்கு எழுதிவிடலாம், அப்போது அங்கே பதில் சொல்ல ஆள் இருக்கும்.

நீண்டகால ஆதரவு என்று பேசும்போது நம் நாட்டுக்காரர் மார்க் ஷட்டில்வொர்த்தை நினைக்காமல் இருக்க முடியாது. அவர் ஆரம்பித்த உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ரிலீஸ், தேதி தவறாது என்பதுதான் பெருமை. ஆனால் முதல் நீண்டகால ஆதரவு ரிலீஸை 2006-இல் வேண்டுமென்றே தள்ளிப்போட்டார்கள்: ஏப்ரலில் 6.04 ஆக வர வேண்டியது ஜூனில் 6.06 ஆக வந்தது. பல வருஷம் உழைக்க வேண்டிய ரிலீஸுக்குச் சில வாரம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் யாரும் கோபிக்கப்போவதில்லை. இன்றைக்கும் ஒரு நீண்டகால ரிலீஸிலிருந்து அடுத்ததற்கு மாறச் சொல்லி அது தானாகக் கேட்பது முதல் திருத்த வெளியீடு வந்த பிறகுதான்.

கரூ பாலைநிலத்தில் மீர்காட் தொலைநோக்கியின் 64 ஆன்டெனாக்கள் 2018-இலிருந்து நிற்கின்றன, அவற்றையும் சேர்த்து 197 ஆன்டெனாக்கள் வரப்போகின்றன. அந்த இரும்பு ஐம்பது வருஷம் நிற்கும் என்று கட்டுகிறார்கள். அதன் மென்பொருள் ஓடப்போவது பதினான்கு மாத ஆயுள் உள்ள குபர்னெட்டிஸ் மேல். எத்தனை அப்கிரேட் என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

ரிலீஸ் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு என் கோரிக்கை சின்னது. புது வசதிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுங்கள், தாராளமாக. அதற்கு மேலே ஒரே ஒரு அட்டவணை போடுங்கள்: இந்த வெர்ஷன் எந்தெந்தப் பழைய வெர்ஷன்களோடு சேர்ந்து ஓடிச் சோதிக்கப்பட்டது, எந்த மாதம் வரை ஆதரவு. அப்புறம், தயவுசெய்து, பாதுகாப்பு பேட்சை டிசம்பர் 23-ஆம் தேதி விட்டுவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்.