ராட்சசனுக்கும் தனிப் புத்தகம் வேண்டும்
ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேசியே கதையை நகர்த்தும் மேசை ஆட்டங்களில் வரும் மிருகங்களில், தனிப் புத்தகம் போடும் அளவுக்குச் சரக்கு டிராகனிடமும் பிணப்பேய்களிடமும்தான் உண்டு என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவ்வகை ஆட்டமான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'-க்கு 1977-இல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' என்ற மிருகத் தொகுப்பு நூலிலேயே ராட்சசன் இருக்கிறான், ஆனால் அவனுக்கு அதில் கிடைத்தது சில பத்திகள்தான். தர்மபுரிப் பக்கம் விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவன் நான். அதில் வரும் ராட்சசன் பகாசுரன் சும்மா வந்து அடிப்பவன் இல்லை. வண்டி நிறையச் சோறு, இரண்டு எருமை, கூடவே ஓர் ஆள் என்று வீட்டுக்கு வீடு முறை வைத்து வாங்குகிறவன், பதிலுக்கு ஊரை வெளிப்பகையிலிருந்து காக்கிறவன். இன்று யார் முறை, பகாசுரன் செத்தால் ஊருக்குக் காவல் யார், இதில்தான் ஆட்டமே இருக்கிறது. கிருஷ்ணகிரியில் நண்பர்கள் நான்கு பேருக்குக் கேம் மாஸ்டராக, அதாவது கதை சொல்லி ஆட்டத்தை நடத்துபவராக இருந்து, இந்தக் கதையை நடத்தினேன். மூன்று ஞாயிறு ஓடியது, அதில் சண்டை கடைசி அரைமணி நேரம்தான். மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், மிருகத்துக்கு ஹிட் பாயின்டும் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) தாக்கும் திறனும் கொடுத்தால் போதும் என்கிறார். சரி, சண்டைக்கு அது போதும். அப்புறம் அந்த ஊர்? எங்கள் பக்கம் புலியோடு மோதிச் செத்தவனுக்கு நட்ட நடுகல் இன்னும் நிற்கிறது. மிருகம் ஊரில் என்ன விட்டுப் போகிறது என்பதையும் அந்தப் புத்தகம் எழுத வேண்டும், அப்படி ஒன்று வந்தால் முதல் ஆளாக வாங்குவேன்.