நாலு ஸ்டார் போட்டால் ஃபெயில்: ஈபே ஃபீட்பேக் பற்றி

இணையத்தில் யார் வேண்டுமானாலும் பொருள் விற்கவும் வாங்கவும் முடிகிற ஈபே தளத்தில் பொருள் வாங்கியவருக்கு 2007 மே மாதத்திலிருந்து ஒரு புதுப் படிவம் வந்தது. பொருள் சொன்னபடி இருந்ததா, விற்றவர் ஒழுங்காகப் பதில் சொன்னாரா, பார்சலைச் சீக்கிரம் அனுப்பினாரா, அனுப்பும் கட்டணம் நியாயமா என்று நாலு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் அஞ்சு ஸ்டார். பார்சல் கேள்வியில் ஒரு ஸ்டார் என்றால் 'மிகத் தாமதம்', இரண்டு 'தாமதம்', மூன்று 'இரண்டுமில்லை', நாலு 'விரைவாக', அஞ்சு 'மிக விரைவாக'.

திங்கட்கிழமை பணம் கட்டி வியாழக்கிழமை பார்சலைக் கையில் வாங்கிய ஒரு நியாயமான மனிதர் எதைத் தொடுவார்? நாலைத்தான். விரைவாக வந்தது, அதை அப்படியே சொல்லிவிட்டார். விற்றவருக்கு நல்லது செய்துவிட்டோம் என்ற நினைப்போடு கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் போயிருப்பார்.

விற்றவருக்கு என்ன நடந்தது தெரியுமா? 2008-இல் பவர் செல்லர்கள் எனப்படும் பெரிய விற்பனையாளர்களுக்கு, ஈபேக்குக் கட்டும் கட்டணத்தில் தரும் தள்ளுபடியை இந்த ஸ்டார் சராசரியோடு முடிச்சுப் போட்டார்கள். நாலு கேள்வியிலும் 4.6 இருந்தால் 5 விழுக்காடு, 4.8 இருந்தால் 15 விழுக்காடு. வாங்கிய எல்லோரும் 'விரைவாக' என்று மனதாரப் பாராட்டினால் சராசரி 4.0. தள்ளுபடி பூஜ்யம். நம் வீட்டில் பிள்ளை 80 மார்க் வாங்கி வந்தால் பாயசம் வைப்போம். அங்கே அந்த 80-க்குப் பெயர் ஃபெயில்.

கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தால் இன்னும் உறைக்கும். 4.8 நிற்க வேண்டுமென்றால் 10 பேரில் 8 பேர் அஞ்சு போட வேண்டும், 2 பேர்தான் நாலு போடலாம். எவராவது ஒருவர் கோபத்தில் ஒரு ஸ்டார் போட்டுவிட்டால், அதைச் சரிக்கட்டி 4.8-க்குத் திரும்ப 19 பேர் வரிசையாக அஞ்சு போட வேண்டும். அந்த ஒருவர் யார், எந்தப் பொருளுக்குப் போட்டார் என்பதும் விற்றவருக்குத் தெரியாது. சராசரி மட்டும்தான் கண்ணில் படும். தப்பு எங்கே என்று தெரிந்தால்தானே திருத்த முடியும்?

ஈபே செல்லர்களின் பதினேழு பதினெட்டு வருடப் புலம்பலைக் கேட்கிறவர்கள், 'விமர்சனம் தாங்காத வியாபாரிகள்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். விமர்சனம் பிரச்சினையே இல்லை. வாங்குபவர் கையில் இருக்கும் படிவத்தில் ஒரு சொல். கம்பெனியின் கணக்கில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம். இந்த இடைவெளி ஒவ்வொரு மாற்றத்திலும் இடம் மாறியதே தவிர, ஒழியவில்லை.

கொஞ்சம் பின்னே போகலாம். பியர் ஒமிட்யார் 1995 செப்டம்பரில் ஆக்‌ஷன் வெப் என்று தொடங்கியதுதான் ஈபே. 1996 பிப்ரவரியில் ஃபீட்பேக் பகுதி வந்தது. நல்லது (பாசிட்டிவ்) என்றால் கூட்டல் ஒன்று, கெட்டது (நெகட்டிவ்) என்றால் கழித்தல் ஒன்று, நடுத்தரம் (நியூட்ரல்) என்றால் பூஜ்யம். வாங்கியவர் விற்றவருக்குப் போடலாம், விற்றவர் வாங்கியவருக்கும் போடலாம். முகம் தெரியாத ஒருவருக்கு முன்பணம் அனுப்ப ஜனங்களுக்குத் துணிவு கொடுத்தது இதுதான். பழைய போஸ்ட் கார்டு விற்கும் ஒருவரின் நல்ல பெயர் வாங்கிய ஐடியையும், அதே ஆளின் புது ஐடிகளையும் வைத்து ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே மாதிரி சரக்கு. பெயர் வாங்கிய ஐடிக்கு வாங்குபவர்கள் சுமார் 8 விழுக்காடு கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள். பெயருக்குக் காசு மதிப்பு உண்டு என்பது வெறும் பேச்சில்லை.

ஆனால் இருபக்க ஃபீட்பேக்கில் ஒரு பெரிய ஓட்டை. பணம் கைக்கு வந்ததுமே வாங்கியவர் தன் கடமையை முடித்துவிட்டார், நியாயப்படி விற்றவர் அப்போதே நல்ல ஃபீட்பேக் போட வேண்டும். பலர் போடவில்லை. 'நீ முதலில் போடு, பிறகு பார்க்கிறேன்' என்று உட்கார்ந்திருந்தார்கள். உடைந்த பொருள் வந்தவர் நெகட்டிவ் போட்டால் அடுத்த பத்தாவது நிமிடம் அவருக்கும் ஒரு நெகட்டிவ். இதற்குப் பயந்தே நிறையப் பேர் வாயைத் திறக்கவில்லை. எல்லோர் பெயருக்குப் பக்கத்திலும் பாசிட்டிவ் 99 விழுக்காடு, 100 விழுக்காடு என்று மின்னிக்கொண்டிருந்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

2008 ஜனவரியில் அறிவித்து, மே மாதம் அமலுக்குக் கொண்டுவந்தார்கள்: இனி விற்பவர் வாங்குபவருக்கு நெகட்டிவ், நியூட்ரல் எதுவும் போட முடியாது, பாசிட்டிவ் மட்டும்தான். பாசிட்டிவ் பட்டனை அழுத்திவிட்டு 'இந்த ஆள் பணம் தரமாட்டான்' என்று எழுதுவதும் விதிமீறல். கூடவே விற்பனைக் கமிஷனையும் ஏற்றினார்கள், முதல் 25 டாலருக்கு 5.25-ஆக இருந்தது 8.75 விழுக்காடு ஆனது. பிப்ரவரி 18 முதல் ஒரு வாரம் செல்லர்கள் புறக்கணிப்பு நடத்தினார்கள். இரண்டு அடியும் ஒரே நேரத்தில் விழுந்ததால், இன்று வரை 2008 என்றாலே பழைய செல்லர்களுக்கு ஃபீட்பேக் மாற்றம் ஒரு துரோகமாகத்தான் நினைவில் இருக்கிறது.

என் கருத்து செல்லர் நண்பர்களுக்குப் பிடிக்காது: அந்த மாற்றம் சரியானது. க்ளைன், லாம்பெர்ட்ஸ், ஸ்டால் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஈபே தரவை வைத்துச் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு, மாற்றத்துக்குப் பின் வாங்குபவர்களின் திருப்தி கூடியது என்று காட்டுகிறது. கெட்ட வியாபாரிகள் கூட்டமாக வெளியேறியதால் அல்ல, இருந்தவர்களே ஒழுங்காக நடக்கத் தொடங்கியதால். தவிர, பணம் கட்டாத ஆளைத் தடுக்க நெகட்டிவ் தேவையில்லை. பணம் கட்டாமல் விட்ட வரலாறு உள்ளவர்களைத் தடுக்கும் செட்டிங் இருக்கிறது, தனியாகப் பிளாக் லிஸ்டும் இருக்கிறது. உடனே பணம் கட்டினால்தான் ஆர்டர் என்று, ஏலமில்லாமல் நிலையான விலை போட்ட விற்பனை அறிவிப்பில் (ஃபிக்சட் பிரைஸ் லிஸ்டிங்) டிக் செய்துவிட்டால் பாதித் தலைவலி போயிற்று. பழிக்குப் பழி போடும் உரிமையைப் பறித்தது நல்லதே. அந்த இடத்தில் சராசரி போடும் இயந்திரத்தை உட்கார வைத்ததுதான் தப்பு.

சராசரி ஒத்துவராது என்பது அவர்களுக்கே சீக்கிரம் புரிந்தது. 2009-இல் நல்ல விற்பனையாளர்களுக்கு டாப் ரேட்டட் செல்லர் என்ற அந்தஸ்து வந்தபோது ஒன்று, இரண்டு ஸ்டார்களின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டார்கள். நாலு போட்ட நல்லவரால் வந்த ஆபத்து நீங்கியது. இதோடு விட்டிருக்கலாம். 2014 ஆகஸ்டில் 'டிஃபெக்ட் ரேட்' என்று, விற்பனையில் எத்தனை விழுக்காடு குறையோடு முடிந்தது என்ற கணக்கைக் கொண்டுவந்தார்கள். 'பொருள் சொன்னபடி இருந்ததா' என்ற கேள்விக்கு மூன்று ஸ்டார் போட்டாலே ஒரு டிஃபெக்ட். நியூட்ரல் போட்டாலும் டிஃபெக்ட். 'சொன்னபடி இல்லை' என்று ரிட்டர்ன் கேட்டால், விற்றவர் அன்றைக்கே முழுப் பணத்தைத் திருப்பினாலும் டிஃபெக்ட். நடுநிலை என்று பெயர் வைத்த பட்டனை அழுத்தினால் அது குற்றப்பதிவு! டாப் ரேட்டட் நிலைக்கு வரம்பு 2 விழுக்காடு; வருடத்துக்கு 500 பார்சல் அனுப்புகிறவர் என்றால் 10 பேர். பிரச்சினையைப் பேசித் தீர்த்தவரும் தீர்க்காதவரும் ஒரே தட்டில் என்றால், தீர்த்துவைக்க யார் மெனக்கெடுவார்கள்?

2016 பிப்ரவரியில் இதையும் கழற்றிவிட்டார்கள். ஸ்டாரும் நெகட்டிவும் செல்லர் தரத்தைப் பாதிக்காது என்றாயிற்று. விற்பவரே ரத்து செய்த ஆர்டர், விற்பவர் தீர்க்காமல் கம்பெனி தலையிட்டு முடித்த வழக்கு, பார்சல் தாமதம், இவை மட்டும் கணக்கு. இதுவரை வந்ததில் ஒழுங்கான மாற்றம் இதுதான். ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதி மதிப்பீடு; கடைசி மூன்று மாதத்தில் 400 விற்பனையோ அதற்கு மேலோ இருந்தால் அந்த மூன்று மாதம், இல்லையென்றால் 12 மாதம்.

தாமதக் கணக்கில் மட்டும் ஒரு நுணுக்கம், பலர் இதில்தான் வழுக்குகிறார்கள். பார்சல் எப்போது போய்ச் சேர்ந்தது என்பதைவிட முக்கியம், தபால்காரர் அதை எப்போது ஸ்கேன் செய்து ஏற்றுக்கொண்டார் என்பது. வியாழக்கிழமை வந்த ஆர்டருக்கு வெள்ளிக்கிழமை மாலை லேபிள் பிரிண்ட் எடுத்துப் பெட்டியில் போட்டு வந்தால் முதல் ஸ்கேன் திங்கட்கிழமைதான் விழும். நீங்கள் ஒரு நாளில் அனுப்புவதாகச் சொல்லியிருந்து, பார்சலும் பிந்திப் போய்ச் சேர்ந்தால் பழி உங்களுக்கு. கவுண்டரில் கொடுத்து ஸ்கேன் வாங்கிவிட்டால், பிறகு தபால்துறை பத்து நாள் தூங்கினாலும் உங்கள் தலையில் விழாது. அமெரிக்கத் தபாலில் நிறையப் பார்சல் அனுப்புகிறவர்களுக்கு ஸ்கேன் ஃபார்ம் என்று ஒரு தாள் உண்டு, அதிலுள்ள ஒரே பார்கோடை ஸ்கேன் செய்தால் அத்தனை பார்சலும் ஏற்கப்பட்டதாகப் பதிவாகும். ஈபே இந்தியா தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்ட பிறகும் இங்கிருந்து வெளிநாட்டுத் தளங்களில் துணி, நகை, நாணயம் விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வது, ஒரு நாள் என்று வீரம் காட்டாமல் மூன்று நாள் என்று போடுங்கள்.

ஸ்டார் ஓய்ந்தது. சொல் இப்போது ரிட்டர்ன் படிவத்தின் கீழிறங்கு பட்டியலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஒருவர் சட்டை வாங்குகிறார். லிஸ்டிங்கில் மார்பளவு 42 அங்குலம் என்று எழுதியிருக்கிறது, வந்ததும் 42 அங்குலமே. அவருக்கு இறுக்கமாக இருக்கிறது. ரிட்டர்ன் பட்டனை அழுத்துகிறார், காரணம் கேட்கிறது. 'அளவு சரியில்லை' என்றால் திருப்பி அனுப்பும் செலவு அவருடையது. 'விவரித்தபடி இல்லை' என்றால் விற்றவருடையது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கிளிக். யாரும் தன்னைப் பொய்யர் என்று நினைத்துக்கொண்டு அதை அழுத்துவதில்லை. 'நான் நினைத்தபடி இல்லையே, அதுவும் ஒருவகையில் உண்மைதானே' என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். 2018-இலிருந்து இந்த 'விவரித்தபடி இல்லை' விகிதத்தை அதே பிரிவில் விற்கும் மற்றவர்களோடு ஒப்பிட்டு, 'மிக அதிகம்' என்று வந்தால் அந்தப் பிரிவில் கூடுதல் கமிஷன் பிடிக்கிறார்கள். ஸ்டார் படிவத்தில் அழுத்துகிறவருக்கு விளைவு தெரியாது. இதில் தன் பங்குச் செலவு மட்டும் நன்றாகத் தெரியும்.

இதற்கு மருந்து, சின்னப் பார்சல் விற்பவர்களுக்காவது, 30 நாள் இலவச ரிட்டர்ன். கேட்டதும் வயிறு எரியும், தெரியும். ஆனால் எப்படியும் செலவு விற்பவருடையது என்றான பின் வாங்குபவருக்குப் பொய்க் காரணம் தேவைப்படாது. 'அளவு சரியில்லை' என்று உண்மையைச் சொல்லித் திருப்புவார், உங்கள் விகிதம் இறங்கும். டாப் ரேட்டட் செல்லராக இருந்து, ஒரு நாளில் அனுப்புவதாகவும் ஒப்புக்கொண்டால் கமிஷனில் 10 விழுக்காடு தள்ளுபடி. போட்டுக் கசக்கித் திருப்பினால் திருப்பித் தரும் பணத்தில் 50 விழுக்காடு வரை பிடித்துக்கொள்ளவும் வழி உண்டு. அரை கிலோ சட்டைக்கு இது கட்டும். பன்னிரண்டு கிலோ ஆம்பிளிஃபையருக்குக் கட்டாது, அங்கே அளவு நாடாவை வைத்து எடுத்த படமும், ஓடும் வீடியோவும், சீரியல் நம்பர் படமும்தான் துணை.

நெகட்டிவ் விழுந்தே விட்டால்? ஃபீட்பேக் திருத்தம் கேட்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் ரேஷன். வாங்கும் 1000 ஃபீட்பேக்குக்கு வருடத்தில் 5 கோரிக்கை. ஃபீட்பேக் விழுந்த 30 நாளுக்குள் கேட்க வேண்டும், அவர் 10 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், ஒரு ஃபீட்பேக்குக்கு ஒரே முறை. ஆகவே கோபத்தில் முதலில் கோரிக்கையை அனுப்பாதீர்கள். பணத்தைத் திருப்புங்கள் அல்லது மாற்றுப் பொருள் அனுப்புங்கள், மெசேஜில் பேசுங்கள், 'மாற்றித் தருகிறேன்' என்று அவர் வாயால் வந்த பிறகு கோரிக்கை போகட்டும். 'பாதிப் பணம் தராவிட்டால் நெகட்டிவ்' என்று மிரட்டினால் அது விதிமீறல், நீக்கச் சொல்லலாம். ஆனால் மிரட்டல் ஈபே மெசேஜுக்குள் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த மிரட்டலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, இதனாலேயே பேச்சை வெளியே கொண்டுபோகாதீர்கள்.

பேச்சு என்றதும் ஒரு கூத்து நினைவுக்கு வருகிறது. 'ஒழுங்காகப் பதில் சொன்னாரா' என்ற கேள்விக்கு, ஒரு நாளில் அனுப்பி ட்ராக்கிங் ஏற்றி, இரண்டு பக்கமும் ஒரு மெசேஜ்கூடப் போகாமல் இருந்தால், தானாகவே அஞ்சு ஸ்டார் என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். பேசாமல் இருப்பதற்குத்தான் அங்கே முழு மார்க்.

இப்போது அதைவிட ஒரு படி மேலே போயாயிற்று. வாங்கியவர் ஒன்றுமே எழுதாவிட்டால், ஆர்டர் சரியான நேரத்தில் பிரச்சினையின்றிப் போய்ச் சேர்ந்தது என்று கணினியே ஒரு பாசிட்டிவ் வரியை எழுதிப் போட்டுவிடுகிறது. நிறைய செல்லர்களுக்கு இதில் மகிழ்ச்சி, விழுக்காடு ஏறுகிறதே. எனக்கு இல்லை. நோஸ்கோ, டடெலிஸ் இருவரும் ஈபே தரவை ஆராய்ந்து காட்டியது, வாங்கியவரின் மௌனத்துக்கும் அர்த்தம் உண்டு என்பது. நடுத்தர செல்லருக்கு பாசிட்டிவ் 100 விழுக்காடு. ஒன்றும் எழுதாமல் போனவர்களையும் சேர்த்து வகுத்தால் அது 67 விழுக்காட்டுக்கு இறங்கியது. அந்த மௌனத்தில் சோம்பேறித்தனமும் இருக்கலாம், 'போனால் போகட்டும்' என்று விட்ட ஏமாற்றமும் இருக்கலாம். இரண்டையும் ஒரே பாராட்டாக மாற்றி எழுதிவிட்டால், நாற்பது பார்சலைத் துணியில் சுற்றி, குமிழ்த்தாள் போட்டு, இரட்டை அட்டைப்பெட்டியில் அனுப்பியவருக்கும், பழைய செய்தித்தாளில் கசக்கி அனுப்பியவருக்கும் பக்கத்தில் அதே வரி நிற்கும்.

ஆகவே வாங்குகிறவராக ஈபேக்குள் போகும்போது விழுக்காட்டைப் பார்க்காதீர்கள். வருடத்துக்கு 40 ஃபீட்பேக் வாங்கும் சின்னக் கடைக்கு ஒரே ஒரு நெகட்டிவ் விழுந்தால் 97.5, 4000-இல் 40 பேரைக் கடுப்பேற்றிய பெரிய கடை 99.0 என்று நிமிர்ந்து நிற்கும். நெகட்டிவை மட்டும் வடிகட்டி எடுத்து, கடைசி சில மாதத்தைப் படியுங்கள், அதன் கீழே விற்றவர் எழுதிய பதிலையும் படியுங்கள். 'கோப்பையின் காதில் சில்லு இருந்தது உண்மை, அன்றே முழுப் பணமும் கொடுத்துவிட்டேன்' என்று ஒரு வரி எழுதியவரிடம் வாங்கலாம். 'பைத்தியக்கார பையர், எல்லோரும் இவரை பிளாக் செய்யுங்கள்' என்று எழுதியவர் 99.8 வைத்திருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.