ஸபூஸாவைக் கடைசியில் வைத்தவர்களுக்கு

நேற்று முன்தினம் சுற்றிய அந்தப் பட்டியலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நருட்டோ என்ற நிஞ்ஜாச் சிறுவனின் கதையைச் சொல்லும் ஜப்பானிய மங்காவின் (சித்திரக்கதையின்) சிறந்த வில்லன்கள். முதலிடத்தில் மதாரா, அடுத்து காகுயா, பிறகு பெயின், ஒபிட்டோ, ஒரோச்சிமாரு என்று இறங்கிக்கொண்டே போய் அடியில் ஸபூஸா. பக்கத்தில் ஒரு வரி விளக்கம்: ஆரம்பகால வில்லன், மற்றவர்கள் முன் ஒரு நிமிடம்கூட நிற்கமாட்டான். அதன் கீழே நான் நான்கு வரி எழுதினேன். அதற்கு விழுந்த சிரிப்புக் குறிகளையும் பார்த்திருப்பீர்கள். சிரித்தவர்களில் மூன்று பேர் எனக்குப் பத்து வருடப் பழக்கம். அது உறுத்துகிறது, மறைக்க விரும்பவில்லை. அங்கே நான்கு வரியில் அடங்காததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

யார் யாரை அடித்துச் சாய்ப்பான் என்பதுதான் போட்டி என்றால் எனக்கு ஆட்சேபமே இல்லை. மதாரா விண்கல்லை இறக்குகிறவன், காகே எனப்படும் ஐந்து ஊர்த் தலைவர்களையும் தனியாளாக வீழ்த்தியவன். ஸபூஸாவின் கையில் இருப்பது ஒரு பெரிய வாள். ஆனால் தலைப்பில் 'சிறந்த' என்று போட்டிருந்தீர்களே! ஒரு வில்லன் வந்துபோன பிறகு கதாநாயகன் பழைய ஆளாகவே இருந்தால் அந்த வில்லன் எதற்கு? 700 அத்தியாயங்களிலும் இந்தக் கேள்விக்கு ஸபூஸா அளவுக்குப் பதில் வைத்திருப்பவன் வேறு யாரும் இல்லை என்பதுதான் என் கட்சி.

ஸபூஸா வரும் அந்தப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். பாலம் கட்டும் தசுனாவிடம் பணம் இல்லை. அதனால் ஆபத்தை மறைத்து, சாதாரணக் காவல் வேலை என்று பொய் சொல்லி நருட்டோவும் அவன் ஆசான் ககாஷியும் இருக்கும் குழுவை அழைத்துவருகிறார். பாலம் எழுந்தால் கடல் வாணிபத்தைத் தன் கைக்குள் வைத்திருக்கும் காட்டோவின் பிடி தளர்ந்துவிடும். அந்தக் காட்டோ கூலிக்கு அமர்த்திய ஆள்தான் ஸபூஸா. சொந்த ஊரின் தலைவரைக் கொல்ல முயன்று, தோற்று, ஓடிவந்தவன். மறுபடி முயல அவனுக்குப் பணம் வேண்டும். உலகை அழிக்கும் திட்டம் எதுவும் அவனிடம் இல்லை. ஏழை ஊர் ஒன்று, பாதி கட்டிய பாலம் ஒன்று, காசுக்கார முதலாளி ஒருவன், அவ்வளவுதான் களம். 1999-இல் தொடர் தொடங்கிய சில மாதங்களிலேயே ஆசிரியர் கிஷிமோட்டோ இதை எழுதிவிட்டார்.

ஸபூஸா எடுத்து வளர்த்த அநாதைப் பையன் ஹாகு, ககாஷி ஸபூஸாமேல் ஏவும் மின்னல் வீச்சுக்குக் குறுக்கே பாய்ந்து செத்துப்போகிறான். அப்போது ஸபூஸா என்ன செய்கிறான்? அழவில்லை. ஹாகுவின் உடலோடு சேர்த்து ககாஷியையும் வெட்டிவிட வாளை ஓங்குகிறான். ஹாகு ஒரு கருவி, கருவி உடைந்தால் என்ன என்கிறான். பிறகு காட்டோ அடியாட்களோடு வந்து, செத்துக்கிடக்கும் ஹாகுவின் முகத்தில் உதைக்கிறான். நருட்டோ கத்துகிறான். அந்தப் பையன் உன்மேல் உயிரையே வைத்திருந்தானே, உனக்கு ஒன்றுமே தோன்றவில்லையா என்று. ஸபூஸாவின் முகத்தில் கண்ணீர். இரண்டு கைகளும் செயலிழந்து தொங்குகின்றன. வாயைச் சுற்றிய துணியைப் பல்லாலேயே கிழித்து, நருட்டோவிடம் ஒரு குனாய்க் கத்தி கேட்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு அத்தனை அடியாட்களுக்கும் நடுவே ஓடி காட்டோவைக் கொல்கிறான். முதுகில் ஆயுதங்கள் குத்தி நிற்கின்றன. கடைசியில் ககாஷியிடம் அவன் கேட்பது ஹாகுவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான். பக்கத்தில் கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். பனி விழுகிறது.

இதைத்தான் கடைசியில் வைத்தீர்கள்.

'நீ முதலில் படித்தது அதுதான், அதனால் அந்தப் பாசம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம், முதலில் படித்ததுதான். எங்கே, எப்படிப் படித்தேன் என்று அவருக்குத் தெரியாது. சொல்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஈரோட்டில் என் மாமாவின் ஜவுளிக் கடையில் சேர்ந்தேன். அம்மாவின் தம்பி. வீட்டில் என்னை 'மாப்பிள்ளை' என்பார். கடைப்படி ஏறிவிட்டால் நான் 'பையன்'. 'பையன் எடுத்துத் தருவான்', 'பையன் இல்லாவிட்டால் வேறு பையன்'. பேல்களைக் கட்டியிருக்கும் இரும்புப் பட்டையை வெட்டி எடுப்பது என் வேலை. வெட்டியதும் அது சுருளாகத் துள்ளி எழும். ஒருநாள் வலது உள்ளங்கையைக் குறுக்காகக் கிழித்துவிட்டது. ரத்தம் துண்டுகளில் படாமல் பார்த்துக்கொள் என்றார் மாமா. இரவில் கிடங்கில் லுங்கிக் கட்டுகளின் மேல் படுத்துக்கொண்டு, கண்ணாடி உடைந்த கைப்பேசியில் நருட்டோ படிப்பேன். இந்த உலகில் யாருக்கும் தேவைப்படாமல் இருப்பதுதான் பெரிய துயரம் என்று ஹாகு நினைக்கிறானே, அந்த இடத்தை நான் அங்கேதான் படித்தேன். கருவியாக இருப்பதில்கூட ஒரு நிம்மதி உண்டு என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, ஆட்சேபங்களுக்கு வருகிறேன். 'ஒரு பையன் பேசினதும் மனம் மாறிவிட்டான், பலவீனமான எழுத்து' என்கிறார்கள். நருட்டோவின் பேச்சு எதிரிகளை மாற்றிவிடுகிறது என்ற பொதுக் குறையை எடுத்துவந்து இங்கே பொருத்துகிறார்கள். இங்கே அது பொருந்தாது. நருட்டோ எந்தத் தத்துவமும் பேசவில்லை. ஸபூஸாவுக்கு ஏற்கெனவே தெரிந்ததை, அவன் கேட்க விரும்பாததை, உரக்கச் சொல்கிறான். அவ்வளவுதான்.

பெயினைச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அவர்களை மதிக்கிறேன். போரில் பெற்றோரையும், பிறகு நண்பன் யாஹிகோவையும் இழந்து, பெயின் என்ற பெயரில் வரும் நாகாட்டோவின் கேள்வி நியாயமானது. வெறுப்பின் சங்கிலியை எப்படி அறுப்பாய் என்று கேட்கிறான், நருட்டோ திணறுகிறான். அவன் கையில் நருட்டோவின் குரு ஜிராயா இறந்தது இன்றும் வலிக்கிறது. ஆனால் முடிவு? நாகாட்டோ தன் உயிரைக் கொடுத்து, தான் நருட்டோவின் ஊரை அழித்த அன்று இறந்தவர்களை எழுப்பிவிடுகிறான். ககாஷி எழுந்து வருகிறார், ஷிசுனே எழுந்து வருகிறாள். கேள்வியின் கனத்தில் பாதியை ஆசிரியரே இறக்கிவைத்துவிட்டார். பாலத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. இரண்டு கல்லறைகள், பக்கத்தில் நட்ட ஒரு வாள். கருவியாக வாழும் ஷினோபி (நிஞ்ஜா) வழி வேண்டாம், நான் என் வழியில் போவேன் என்று நருட்டோ முடிவெடுப்பது அந்தக் கல்லறைகளுக்கு முன்னால்தான். பின்னால் வரும் அத்தனை நருட்டோவும் அங்கிருந்து புறப்பட்டவன்.

காகுயாவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அதுவே என் வாதம். மதாராவை அவளுடைய ஆளான கறுப்பு ஸெட்சு முதுகிலிருந்து குத்த, அவன் உடலிலிருந்து அவள் வருகிறாள். எரிமலைக் குழம்பு, பனி, பாலைவனம் என்று உலகம் மாற்றி உலகம் மாற்றுகிறாள். அவள் போன பிறகு நருட்டோ எந்த வகையில் மாறினான்? யாராவது ஒரு வரி எழுதுங்கள், படிக்கிறேன். மதாராவுக்காவது உலகத்தையே கனவில் ஆழ்த்தும் திட்டம் இருந்தது, ஹஷிராமாவோடு பழைய நட்பு இருந்தது. சாகும்போது இருவரும் பேசிக்கொள்ளும் பக்கங்கள் எனக்குப் பிடிக்கும். அந்த மதாராவையும் வேறொருவரின் கருவியாக்கி நடுவில் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

பின்னால் வரும் போர்க் காண்டத்தில் கபுட்டோ என்ற வில்லன் ஸபூஸாவையும் ஹாகுவையும் சாவிலிருந்து எழுப்பிக்கொண்டு வருகிறானே, அது உங்களுக்கு நினைவிருக்கிறதா? எங்களைத் தடுத்துவிடு என்று ககாஷியிடம் ஸபூஸாவே கேட்கிறான். கபுட்டோ அவர்கள் மனதை அழித்து வெறும் ஆயுதங்களாக்கிவிடுகிறான். மனிதனாகச் செத்தவனை மறுபடி கருவியாக்குவது எவ்வளவு பெரிய கொடுமை என்று அந்த அத்தியாயத்தைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. சக்தியை மட்டும் பார்த்து வரிசை போடுகிறவர்கள் செய்வதும் அதுதான் என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். கோபித்துக்கொள்ளுங்கள்.

'சின்னப் பிள்ளைகள் கதைக்கு இவ்வளவா' என்று கேட்டவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

நான் கடையை விட்டு வந்து ஆறு வருடம் கழித்து மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரவுத் துணைக்கு நான் இருந்தேன். வர வேண்டாம் என்று அம்மாவே சொன்னாள், இருந்தும் போனேன். இரண்டாம் நாள் விடியற்காலையில் கட்டிலோரம் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டேன். என் கையை யாரோ பிடித்திருப்பது போல இருந்தது. கண் திறந்தால், மாமா என் வலது கையை இழுத்து வைத்துக்கொண்டு, பட்டை கிழித்த அந்தத் தழும்பின் மேல் கட்டைவிரலை மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தார். வாய் கோணியிருந்தது. நான் விழித்ததைப் பார்த்ததும் 'மாப்பிள்ளை' என்றார். அதற்குமேல் பேச்சு வரவில்லை. நானும் கையை எடுக்கவில்லை.