எம்சிபி இருப்பது மட்டும் போதாது
எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டரைச் செருகக் கூடாது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது மிகச் சரி. அதன் காரணத்தையும் சற்று விளக்கியிருக்கலாம். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியருக்கான மெல்லிய வயரில் அது மணிக்கணக்கில் ஓடும்போது வயர் சூடேறிக்கொண்டே போனாலும், 16 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) தன் அளவு மீறப்படாததால் ட்ரிப் ஆகாது என்பதைப் பலர் அறிவதில்லை. மின்னோட்டம் இரு மடங்கானால் அதே வயரில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். வயரைச் சுருட்டிய நிலையிலேயே பயன்படுத்துவது இன்னும் ஆபத்தானது, ஏனெனில் உள்சுற்றுகளின் சூடு வெளியேற வழியே இல்லை. பிளக்கின் உலோகப் பின்கள் கறுத்திருந்தாலோ, பாக்ஸின் துளையோரம் பழுப்பேறியிருந்தாலோ, உள்ளே தொடர்பு தளர்ந்திருக்கிறது என்று கொண்டு, தயவுசெய்து அந்த பாக்ஸை அன்றே ஒதுக்கிவிடுங்கள்.