மயக்க வாயு மூளையோடு நிற்பதில்லை

மயக்க வாயு மூளையை மட்டும் உறங்க வைக்கிறது என்று, மயக்க மருந்து பற்றி நான் படித்த கட்டுரை ஒன்றில் ஒரு வரி வருகிறது. அது பாதி உண்மைதான். நுரையீரல் வழியே இரத்தத்தில் கலக்கும் செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு, மூளையையும் தண்டுவடத்தையும் அடக்கும் அதே வேளையில், இரத்தக் குழாய்களைத் தளர்த்தி இரத்த அழுத்தத்தை இறக்குகிறது. மூச்சின் ஆழத்தையும் குறைக்கிறது. உடல் தன் சூட்டைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடும் தளர்வதால், முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் வரை, சில சமயம் அதற்கு மேலும், இறங்கிவிடுகிறது. பித்தப்பை அறுவை முடிந்து வெளியே வந்த என் அம்மாவுக்குப் பற்கள் தந்தியடித்ததைக் கண்டு காய்ச்சல் என்றே பயந்தோம்; சூடான காற்று ஊதும் போர்வையைப் போர்த்திய செவிலியர், இது வழக்கமானதுதான் என்றார்.

மயக்க வாயு கல்லீரலையும் எட்டுகிறது. ஹாலோத்தேன் என்ற பழைய மயக்க வாயுவில் ஏறத்தாழ 20 சதவீதம் அங்கே சிதைந்தது. செவோஃப்ளூரேனில் அது 5 சதவீத அளவே, மீதி மூச்சோடு வெளியேறிவிடும்.

கட்டுரை விட்டுவிட்ட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. மிக அரிதாகச் சில குடும்பங்களில், மரபணுக் குறைபாட்டால், இவ்வாயுக்கள் தசைகளை இறுக்கி உடல் சூட்டை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். இதை முறிக்க டான்ட்ரோலீன் என்ற மருந்து இருக்கிறது என்றாலும், உறவினர் எவருக்கேனும் மயக்க மருந்தால் சிக்கல் நேர்ந்திருந்தால் அதை மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.