தோட்டத்தில் தங்கிவிட்டவர்கள்

தமிழ்ப் போர் நாவல்களைப் பற்றி இங்கே வந்த கட்டுரை, போர் நாவல் என்றாலே ஈழம்தான் என்ற தொனியில் போகிறது. ஈழ நாவல்களை நானும் விடாமல் படிக்கிறவள்தான். ஆனால் பினாங்கில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது கொஞ்சம் மனத்தாங்கல். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலில் எங்கள் ஊர் வருகிறதே, அதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942–43இல், சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, ஜப்பான்காரர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் காட்டிலேயே செத்தார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் அந்தக் கதைதான். சரி, ரயில் ஏறியவர்களோடு நாமும் போய்விடுகிறோம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், தங்கிய பெண்கள்? கடிதம் இல்லை, சாவுச் செய்தியும் இல்லை. தாலியை வைத்திருப்பதா கழற்றுவதா என்று யாரிடம் கேட்பது? அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான். 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் கையிலிருந்த வாழைமர நோட்டும் (ஜப்பான்காரர்கள் அச்சடித்த பணம்) வெறும் காகிதம். என் பாட்டியிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் கிழங்கோடு நிறுத்திக்கொள்வார், அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார்.

அந்தப் பெண்களை மட்டுமே மையமாக வைத்த நாவல் இருந்தால் யாராவது இங்கே சொல்லுங்கள். இங்கே பினாங்கில், ஜார்ஜ்டவுன் கடைகளில் இல்லாவிட்டாலும் கோலாலம்பூரில் தேடி வாங்கிக்கொள்கிறேன்.